இல்லாமல் இல்லை

ஈரெதிர்மறை ஓர் உடன்பாடு. பள்ளியில் தமிழ் இலக்கணம் கற்ற எவருக்கும் இந்தத் தொடர் மறந்திருக்காது. தமிழாசிரியர் இதைச் சொல்லி முடித்த அடுத்த பாடவேளையில் கணக்காசிரியர் வந்து, கழித்தல் குறியைக் கழித்தல் குறியால் பெருக்கினால் கூட்டல் குறி என்பார். அதற்கடுத்து வரும் ஆங்கில ஆசிரியரோ, ஒரு வாக்கியத்தில் இரண்டு மறைச்சொற்கள் வந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று எச்சரிப்பார். மூன்று பாடங்களும் ஒரே குரலில் பேசும் இடங்கள் பள்ளிக்கூடத்தில் அதிகம் இல்லை. அதனாலேயே இந்த விதிக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அந்த மரியாதை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் நால்வர். ஒருவர் ஆங்கிலம் கற்பிக்கிறார், ஒருவர் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தர், ஒருவர் அச்சகம் வைத்திருக்கிறார், ஒருவர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் ஞாயிறு மாலைகளில் கூடிப் படித்ததைப் பேசுவது எங்கள் வழக்கம். ஒருபுறம் மலைக்கோட்டை, மறுபுறம் செயின்ட் ஜோசப் கல்லூரியின் லூர்து அன்னை ஆலயக் கோபுரம், நடுவில் ஸ்ரீரங்கத்துக்கும் சமயபுரத்துக்கும் ஆள் திரட்டும் நடத்துநர்களின் குரல்கள். நிலையம் 2021 இறுதியில் புதுக் கட்டடம் பெற்றது. 2025இல் பஞ்சப்பூரில் பெரிய பேருந்து முனையம் திறந்தார்கள். இரண்டினாலும் சத்திரத்தின் பேச்சு மாறியதாகத் தெரியவில்லை. இலக்கணத்தைக் காதால் கற்க விரும்புவோர்க்கு இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை என்பது எங்கள் துணிபு.

ஒரு மாலையில் கேட்டவற்றை எழுதி வைத்தோம். “ஸ்ரீரங்கம் வண்டி வராதா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அதற்கு ஒருவர், “வராம எங்க போகும்?” என்றார். இன்னொருவர், “இப்பத்தானே ஒண்ணு போச்சு” என்றார். மூன்றாமவர், “சமயபுரம் வண்டிதான் நிக்குது” என்றார். நேர நெருக்கடியில் இருந்த ஓர் இளைஞர் மட்டும், “வரும், வரும்” என்றார்.

விடை எட்டு வகை என்கிறது நன்னூல். அவற்றுள் வினாவுக்கு வினாவையே விடையாகத் தருவது ஒன்று, நடந்ததைச் சொல்வது ஒன்று, இனமானதைச் சொல்லி நிறுத்துவது ஒன்று. பவணந்தியார் சத்திரத்தில் நின்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் பாதிச் சூத்திரத்துக்கு எடுத்துக்காட்டுத் தேற்றியிருப்பார். எங்கள் கவனம் முதல் விடையில் நின்றது. “வராம எங்க போகும்?” என்பதில் ‘வராமல்’ ஒரு மறை. ‘எங்கே போகும்’ என்பது உருவத்தில் வினா, பொருளில் ‘எங்கும் போகாது’ என்ற மறை. இரண்டும் சேர்ந்து ‘கட்டாயம் வரும்’ என்றாயின. விதி இங்கே நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நான்காம் விடையைப் பாருங்கள். இளைஞரின் “வரும், வரும்” என்பதில் மறையே இல்லை. இருந்தும், அதைச் சொன்ன குரலைக் கேட்ட பெரியவர் தோள்பையை இறக்கிக் கீழே வைத்துவிட்டார். வராது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மேலைநாட்டு மெய்யியலாளர் வட்டாரத்தில் ஒரு கதை சொல்வார்கள். ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் நியூயார்க்கில் உரையாற்றும்போது, இரண்டு மறைகள் உடன்பாடாகும் மொழிகள் பல உண்டு, இரண்டு உடன்பாடுகள் மறையாகும் மொழி எதுவும் இல்லை என்றாராம். அவையில் இருந்த சிட்னி மார்கன்பெசர் அலுப்பான குரலில், “ஆமாம், ஆமாம்” என்றாராம். சத்திரத்தில் அந்தக் கதையை யாரும் சிரிக்கும்படி சொல்ல முடியாது. இங்கே அது அன்றாடப் பேச்சு.

*

தமிழின் மறைச்சொற்களைச் சற்று வரிசைப்படுத்திக் கொள்வோம். ‘அல்ல’ என்பதும் ‘இல்லை’ என்பதும் வேறு. ‘இவர் திருடர் அல்லர்’ என்பது அன்மை, ‘இங்கே திருடர் இல்லை’ என்பது இன்மை. எதிரானதைச் சொல்வது மறுதலை. பேச்சில் ‘அல்ல’ பெரும்பாலும் உதிர்ந்துபோய், எல்லாப் பாரத்தையும் ‘இல்லை’ ஒன்றே சுமக்கிறது. பழைய ‘வாரான்’, ‘செய்யான்’ போன்ற வடிவங்களில் மறை வினைக்குள்ளேயே கரைந்திருக்கிறது. அவை முக்காலத்துக்கும் பொது. அவன் நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை, நாளையும் வரப்போவதில்லை. ஓர் ஆள் மேல் நம்பிக்கை முற்றாக அற்றுப்போனதைச் சொல்ல இதைவிடச் சிக்கனமான வடிவம் எது?

மறையின் மேல் தமிழுக்கு ஒரு நாட்டம் இருக்கிறது என்றே தோன்றுகிறது. உலகத்துப் பொருள்களை இரண்டாகப் பிரித்தபோது, உயர்திணைக்கு எதிரே இருப்பதற்குத் தனிப்பெயர் இடாமல் ‘அல் திணை’ என்று மறுத்தே பெயர் வைத்தார்கள். அதுவே அஃறிணை. குறளின் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள்: அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, கள்ளாமை, வெகுளாமை, கொல்லாமை. செய்யத் தக்கதைச் சொல்வதற்கு நிகராகச் செய்யாமையும் அறமாக நிற்கிறது. அவற்றிலும் இரண்டு தலைப்புகள் எங்களுக்கு வியப்பூட்டின. ‘பயனில சொல்லாமை’ என்பதில் பயனின்மை ஒரு மறை, சொல்லாமை இன்னொரு மறை. ‘இன்னா செய்யாமை’ என்பதில் இனியதன் மறுப்பு இன்னா, அதைச் செய்யாமை அதன் மேல் மறுப்பு. பள்ளி விதிப்படி முன்னது ‘பயனுள்ளது சொல்லல்’ என்றும், பின்னது ‘இனியது செய்தல்’ என்றும் ஆக வேண்டும். ஆகின்றனவா? பயனற்றதைச் சொல்லாதவர் வாய்மூடிச் சும்மாவும் இருக்கலாம். துன்பம் செய்யாதவர் இன்பமும் செய்யாது தம் வழியே போகலாம். இனியவை கூறலுக்கு வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்ததற்குக் காரணம் இருக்கத்தானே வேண்டும்?

இரட்டை மறைகள் எல்லாம் ஒரே எடை கொண்டவையும் அல்ல. ‘அவர் வராமல் இருக்க மாட்டார்’ என்றால் ‘வருவார்’ என்பதை விட உறுதி கூடுகிறது. ‘அவரை அறியாதவர் இல்லை’ என்றால் எல்லாருக்கும் தெரியும் என்று பரப்பு விரிகிறது. ‘போகாமல் முடியாது’ என்றால் கட்டாயம் வந்து ஏறுகிறது. ‘அனுமதியின்றி நுழையக் கூடாது’ என்ற பலகை நுழையச் சொல்லவில்லை, அனுமதி பெற்று வா என்றும் அழைக்கவில்லை. ஒரு நிபந்தனையை வாசலில் நிறுத்தி வைக்கிறது. திருமண அழைப்பிதழின் ‘தவறாது வருக’, தாயார் பை கொடுத்தனுப்பும்போது சொல்லும் ‘மறக்காம வாங்கிட்டு வா’ ஆகியவற்றில் இரட்டை மறை தேய்ந்து ஒரே சொல்லாகிவிட்டது. தவறுதலும் மறத்தலும் பொருளளவில் மறைகளே அல்லவா?

இவற்றுக்கு நேர்மாறாக எடை குறைக்கும் இரட்டை மறையும் உண்டு. சிற்றிதழ் வாசகர்களுக்கு அது மிக நன்றாகத் தெரியும். ‘இத்தொகுப்பில் குறைகள் இல்லாமல் இல்லை’ என்று மதிப்புரையாளர் எழுதினால், ஆசிரியர் அவருடைய நண்பர் என்று பொருள். ‘நல்ல கவிதைகளும் இல்லாமல் இல்லை’ என்று எழுதினால் நண்பர் அல்லர் என்று பொருள். இரண்டிலும் ‘உண்டு’ என்று எழுதியிருக்கலாம். எழுதாமல் விட்டதில்தான் மதிப்புரையே இருக்கிறது.

எங்களில் எழுத்தராக இருப்பவர் தம் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார்: தடையின்மைச் சான்று. ‘தடை’ ஒரு மறுப்பு, ‘இன்மை’ இன்னொரு மறுப்பு. அந்தத் தாளைத் தரும் அலுவலகம் உங்கள் திட்டத்தை ஆதரிக்கிறதா? இல்லை. எதிர்க்கவில்லை, அவ்வளவே. எதிர்க்காமையை ஆதரவு என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் பின்னால் வேறு மேசைகளில் அலைவதை அவர் பார்த்திருக்கிறார்.

*

ஆங்கிலத்திலும் இந்த விதி தொன்மையானது அல்ல. சாசர் தம் கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில் வீரப் பெருந்தகை ஒருவரை அறிமுகப்படுத்தும்போது, அவர் யாரிடமும் கடுஞ்சொல் பேசியதில்லை என்பதற்கு ஒரே வாக்கியத்தில் நான்கு மறைகளை அடுக்குகிறார். கணக்கு விதிப்படி அவை இரண்டிரண்டாகக் கழிந்து, வீரர் வாய்த்துடுக்குக்காரர் ஆகியிருக்க வேண்டும். எந்த வாசகரும் அப்படிப் படித்ததில்லை. ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் வயோலா தன் நெஞ்சுக்கு உரிமையாளர் எவரும் இல்லை என்பதை மூன்று மறைகளால் சொல்கிறாள். அக்காலத்தில் மறைகள் ஒன்றையொன்று தின்னவில்லை, ஒன்றுக்கொன்று தோள் கொடுத்தன.

இரண்டு மறைகள் சேர்ந்தால் உடன்பாடு என்று ஜேம்ஸ் கிரீன்வுட் 1711இல் வெளிவந்த தம் இலக்கண நூலில் எழுதினார். 1760களில் ராபர்ட் லௌத் அதை மேலும் பரவச் செய்தார். அன்று முதல் அடுக்கு மறை கல்லாதவர் பேச்சு என்று ஆயிற்று. ஆனால் லண்டன் தெருக்களிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வீடுகளிலும் அது சாகவில்லை. 1960களில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதி இளைஞர்களின் பேச்சை ஆராய்ந்த வில்லியம் லபோவ், அவர்களுடைய அடுக்கு மறைகள் குழப்பத்தின் விளைவு அல்ல, தமக்கென்று ஒழுங்கான விதிகள் உடையவை என்று காட்டினார். ஸ்பானியமும் ருஷ்யமும் இன்றும் அவ்வகை அடுக்குகளைச் செம்மையான இலக்கணமாகவே கொண்டிருக்கின்றன.

தமிழ் இந்தச் சண்டையில் சேரவில்லை. ‘நோபடி’ போல் மறை பொதிந்த பெயர்ச்சொல் நம்மிடம் கிடையாது. ‘யாரும்’, ‘ஒன்றும்’, ‘எங்கும்’ என்று உம்மை சேர்த்துச் சொல்லிவிட்டு, மறையை வினைக்கு ஒதுக்கி வைக்கிறோம். கேட்பவர் வாக்கியத்தின் கடைசி வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ‘யாரும் வரவில்லை’ என்று எண்ணிப் பழகிய மாணவர் ‘நோபடி டிட் நாட் கம்’ என்று எழுதுகிறார். அவருடைய மனத்தில் வினை மறுக்கப்படாமல் வாக்கியம் முடியவே முடியாது. எங்கள் ஆங்கில ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் சுழிக்கிறார். சுழித்துவிட்டு, இது சாசருக்குப் புரிந்திருக்கும் என்று மாணவரிடம் சொல்கிறார்.

மறைகள் மிகுந்தால் அறிவு தடுமாறும் என்பதற்கும் சான்று உண்டு. ‘புறக்கணிக்க முடியாத அளவுக்கு அற்பமான தலைக்காயம் எதுவும் இல்லை’ என்ற பொருளில் ஒரு லண்டன் மருத்துவமனையில் ஓர் ஆங்கிலப் பலகை இருந்தது. பீட்டர் வேசனும் ஷூலி ரைக்கும் 1979இல் இந்த வாக்கியத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எந்தக் காயத்தையும் புறக்கணிக்காதீர்கள் என்றே படிப்பவர் எல்லாரும் அதைப் புரிந்துகொள்கிறார்கள். பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், எல்லாக் காயங்களையும் புறக்கணிக்கலாம் என்று அது சொல்கிறது. பொருளை நாம் சொற்களிலிருந்து எடுப்பதில்லை. மருத்துவமனை என்ன சொல்லும் என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு சொற்களை அதற்கு வளைக்கிறோம்.

*

மருத்துவமனையின் வாக்கியம் ஒன்று எங்களிடமும் வந்தது. 2014ஆம் ஆண்டு, ஆடிப்பெருக்குக்கு முந்திய நாள். அம்மா மண்டபத்துக்குப் போகும் கூட்டத்தில் சத்திரம் நிறைந்திருந்தது. எங்களில் அச்சகம் வைத்திருப்பவரின் தாயாருக்கு எடுத்த ஸ்கேன் அறிக்கை அன்றுதான் கைக்கு வந்தது. பூக்கட்டி விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் அவர். ஸ்ரீரங்கத்துக்கு வண்டி ஏறுமுன் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் என்றார். கடைசி வரியில் இருந்த ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், புற்று என்பதை விலக்கிவிட முடியாது என்று வந்தது.

தேநீர்க் கடையின் பின்வரிசையில் நாங்கள் தாழ்ந்த குரலில் வாதிட்டோம். ஒருவர், இருக்கலாம் என்று சொல்வோம் என்றார். மருந்துக் கடைக்காரர் ஒப்பவில்லை. ‘இருக்கலாம்’ என்பது நோயைப் பற்றிய பேச்சு, ‘விலக்க முடியாது’ என்பது பார்த்தவருடைய கருவியின் எல்லையைப் பற்றிய பேச்சு, இரண்டும் ஒன்றல்ல என்றார். இன்னொருவர், ஒன்றும் இல்லை என்று சொல்லி வண்டி ஏற்றிவிடுவோம், மற்றதை நாளை பார்க்கலாம் என்றார். எங்களுக்குப் பின்னால் கூடையோடு நின்றிருந்த அம்மா கேட்டார்:

“இருக்குன்னு எழுதியிருக்கா, இல்லைன்னு எழுதியிருக்கா? அதை மட்டும் சொல்லுங்கப்பா.”

“இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு எழுதியிருக்கும்மா” என்றார் மகன்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இருக்குன்னும் சொல்லலைல்ல?” என்றார்.

“சொல்லலைம்மா.”

“அப்ப அதுவரைக்கும் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. வாங்க, வண்டி வந்துருச்சு.”

ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். நாங்கள் நால்வரும் எங்கள் பட்டங்களோடு அவர் பின்னால் போய் வண்டியில் ஏறினோம். அந்த இரண்டு மறைகளையும் அவர் கழித்துக் கணக்கை முடித்துவிடவில்லை. அவற்றுக்கு நடுவே இடம் இருக்கிறது என்று கண்டு, அங்கே பத்து நாள் குடியிருந்தார்.

பத்தாம் நாள் திசுப் பரிசோதனை முடிவு வந்தது. அதில் மறைச்சொல் ஒன்றுகூட இல்லை. இருக்கிறது என்று ஒரே வரியில், ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருந்தது. உடன்பாட்டு வாக்கியம் இவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதை எந்த இலக்கண வகுப்பும் சொல்லித் தந்ததில்லை. அறுவையும் மருந்துமாக அவர் பின்னும் ஆறாண்டுகள் இருந்தார். 2020இல் கொரோனாப் பரிசோதனை செய்துகொண்டபோது, நெகட்டிவ் வந்திருக்கிறது என்று மகன் சொன்னார். “நெகட்டிவ்னா நல்லதா, கெட்டதா?” என்று கேட்டார் அம்மா. நல்லது என்றதும், “பரவாயில்லையே, ஒரு ‘இல்லை’யாவது நல்லதா வந்துச்சே” என்றாராம்.

*

அம்மா சொன்ன ‘அதுவும் இல்லை, இதுவும் இல்லை’ காவிரிக்கு அப்பால் நெடுங்காலமாகக் கேட்டுவரும் பேச்சுதான். திருவரங்கத்தில் மார்கழி, தை மாதங்களில் இராப்பத்து நாள்களில் ஓதப்படும் திருவாய்மொழியில் நம்மாழ்வார் இறைவனை ஆண் என்பதையும் பெண் என்பதையும் இரண்டும் அல்லாதது என்பதையும் மறுத்து, உள்ளவன் அல்லன் என்று சொல்லி, இல்லாதவனும் அல்லன் என்று முடிக்கும் இடம் ஒன்று உண்டு. கழித்துப் பார்த்தால் முன்னுக்குப் பின் முரண். ஓதுவோர்க்கும் கேட்போர்க்கும் முரணாகப் படவில்லை. சூனியமே உண்மை என்போரை மறுப்பதாக உரையாசிரியர்கள் காட்டும் வேறொரு பாசுரத்தில், ‘இல்லை’ என்று சொன்னால் அந்த இன்மையும் அவனுடைய ஒரு நிலையே என்ற கருத்து வருகிறது. இவற்றுக்கெல்லாம் விரிந்த உரையான ஈடு, நம்பிள்ளை திருவரங்கத்தில் சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதியது.

இராமானுசர் வழி வந்தோர் இன்மையைத் தனிப்பொருளாகக் கொள்வதில்லை. தரையில் குடம் இல்லை என்றால் அங்கே ‘இன்மை’ என்று ஒரு பொருள் உட்கார்ந்திருக்கவில்லை, இருப்பது வெறுந்தரை. ஒன்றின் இன்மை வேறொன்றின் உண்மையே. நியாய நூலோர் இதை ஒப்புவதில்லை, இன்மையும் ஒரு பொருள் என்பார்கள். அப்படியானால் இன்மையின் இன்மை எது? குடமே என்றனர் முன்னோர். 1500ஐ ஒட்டி வங்கத்தில் வாழ்ந்த ரகுநாத சிரோமணி, இல்லை என்றார்: குடத்தின் இன்மை இல்லாமை குடம் ஆகாது, அது வேறு. மூன்றாம் முறை மறுத்தால்தான் முதல் மறுப்புக்குத் திரும்புகிறோம். நானூறு ஆண்டுகளுக்குப் பின் டச்சுக் கணிதவியலாளர் பிரௌவர் ஏறத்தாழ இதே முடிவுக்கு வேறொரு பாதையில் வந்தார். ஒன்று பொய் அன்று என்று காட்டுவது, அது மெய் என்று காட்டுவதற்கு நிகராகாது. மும்முறை மறுப்பதோ ஒருமுறை மறுப்பதற்கு நிகர். மொழியியலாளர் ஆட்டோ யெஸ்பர்சன் 1924இல் எழுதியதும் இதனோடு ஒத்துப் போகிறது: இரட்டை மறை சுற்றிக்கொண்டு வரும் வழி, சுற்றி வந்தவர் நேரே வந்தவர் சேர்ந்த இடத்தில் சேர்வதில்லை.

எனவே எங்கள் பள்ளி விதியைச் சிறிது திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. ஈரெதிர்மறை ஓர் உடன்பாட்டின் வாசல் வரை கொண்டு விடும். உள்ளே போவதா வேண்டாமா என்பது பேசுபவர், கேட்பவர், இடம் ஆகியவற்றைப் பொறுத்தது. மருந்துக் கடை நண்பரிடம் இன்றும் அறிக்கைகளை நீட்டிப் படித்துச் சொல்லக் கேட்பவர்கள் உண்டு. தாளில் எத்தனை மறைகள் இருக்கின்றனவோ அத்தனையையும் எண்ணிக் கொடுத்துவிடுகிறார் அவர். இரண்டை ஒன்றாக்கி ‘இருக்கு’ என்பதோ, இரக்கப்பட்டு ஒன்றை விழுங்கி ‘இல்லை’ என்பதோ அவர் செய்வதில்லை. கேட்பவர் நிற்பதற்கு இடம் வேண்டும் என்கிறார். அந்த இடத்தைக் கழித்துவிட நமக்கு என்ன உரிமை?

இறந்தவரைத் தமிழில் ‘இப்போது இல்லை’ என்கிறோம். அம்மாவைப் பற்றி நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் ஞாயிறு மாலைகளில் இலக்கணப் பேச்சு எழும்போதெல்லாம் அவருடைய பெயர் வராமல் இருப்பதில்லை.

இக்கட்டுரையோடு மாறுபடுவோர் இல்லாமல் இருக்க மாட்டார்கள். மாறுபடுங்கள், எங்களுக்குத் தடை இல்லை.